‘சும்மா கலாய்ச்சோம் சார்’: அரக்கோணம் ரயில் தடத்தில் பள்ளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

அரக்கோணத்தில் நான் ப்ளஸ் ஒன் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நகரி பக்கத்திலிருந்து குடிவந்த குடும்பம். அவன் எழுந்து பாடம் வாசித்தாலே கடைசி பெஞ்சிலிருந்து ‘கொல்டி’ என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன். ஒருமுறை வகுப்பாசிரியர் கேட்டதற்கு எல்லோரும் சேர்ந்து சொன்ன பதில்: “சும்மா கலாய்ச்சோம் சார்.”

அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் அவன் இல்லை. டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. புகார் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் ஒரு பள்ளி ஒரு மாணவனை இழந்தது. ‘அன்பான பள்ளி’, ‘ஆதரவான பள்ளி’ என்றெல்லாம் விழா மேடைகளில் பேசும்போது எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வரும்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்?

2025 டிசம்பர் கடைசியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து திருத்தணி நோக்கி வரும் மின்சார ரயிலில் வெளிமாநில இளைஞர் ஒருவரை மிரட்டி ரீல்ஸ் எடுத்து, பிறகு திருத்தணியில் அவரை அரிவாளால் வெட்டியதாக நான்கு பேர் பிடிபட்டார்கள். நான்கு பேருக்கும் வயது 17.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 அக்டோபரில், திருத்தணி பகுதியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய்வந்த முதலாமாண்டு மாணவர் ஒருவர் சென்ட்ரலில் தாக்கப்பட்டு, சில நாட்களில் உயிரிழந்தார். கைதானவர்கள் இன்னொரு கல்லூரியின் மாணவர்கள். ‘ரூட்டு தல’ சண்டை என்று செய்திகளில் படித்தோம், அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

இரண்டுமே இந்த ரயில் தடத்தில் நடந்தவை. இரண்டிலும் இருந்தவர்கள் பள்ளிப் பருவத்தில் இருப்பவர்கள், அல்லது அதைத் தாண்டி ஓரிரு வருடம்கூட ஆகாதவர்கள். போலீஸ் எத்தனை பேரைப் பிடித்தது என்பது ஒரு கேள்வி. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பையனுக்கு ‘நீ நம்ம ஆளு’ என்ற உணர்வை ஒரு கும்பல் கொடுக்கிற அளவுக்கு, அவன் 12 வருடம் உட்கார்ந்திருந்த வகுப்பறை ஏன் கொடுக்கவில்லை?

அரக்கோணத்துக்கு மட்டும் என்ன தனி?

இது ஜங்ஷன் ஊர். ரேணிகுண்டா, ஜோலார்பேட்டை, செங்கல்பட்டு என்று தண்டவாளங்கள் பிரிகிற இடம். வடக்கே அடுத்த பெரிய ஊர் திருத்தணி. 1960 வரை அது ஆந்திராவில் இருந்தது. இந்தப் பக்கம் லோகோ ஷெட், ரயில்வே குடியிருப்பு. அந்தப் பக்கம் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானதளம், தேசியப் பேரிடர் மீட்புப் படை முகாம். கொஞ்சம் தள்ளி டயர் தொழிற்சாலை. சுற்றிலும் விவசாயக் கிராமங்கள்.

விளைவு? ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் கேட்கும். ஊர்க்காரங்க, காலனிக்காரங்க, குவார்ட்டர்ஸ் பசங்க, வெளியூர்க்காரங்க என்று பெரியவர்கள் போட்டுவைத்த கோடுகள் அப்படியே பள்ளிக்குள் நுழைகின்றன. “தெற்கு மாவட்டம் மாதிரி இங்கே சாதிப் பிரச்சினை இல்லையே” என்பார்கள் சிலர். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு மறுநாள், ஏப்ரல் 7 அன்று, அரக்கோணம் அருகே சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். காரணம் சாதியா, தேர்தல் பகையா, குடிபோதைத் தகராறா என்று கட்சிகள் மாறி மாறி வாதாடின. அந்த வாதம் நடந்த அதே வாரத்தில் அந்தப் பகுதிப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்று எந்த விவாதத்திலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? நாங்குநேரி சொல்லும் பாடம்

‘பிரச்சினைன்னா டீச்சர்கிட்ட சொல்லு’ என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவர் அதைத்தான் செய்தார். சக மாணவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதால் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டபோது உண்மையைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

அந்த மாணவர் பிறகு உதவியாளர் வைத்துத் தேர்வு எழுதி, ப்ளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தார். நாம் கைதட்டினோம். ஆனால் கைதட்டலில் ஒரு விஷயம் மறைந்துபோனது. அங்கே மாணவர் பேசினார், பள்ளியும் கேட்டது. பேசிய பிறகு அவருக்குப் பாதுகாப்பாக நிற்க ஒரு ஏற்பாடுதான் இல்லை. ஆதரவான பள்ளி என்றால் புகாரைக் கேட்பது மட்டும் கிடையாது, புகார் சொன்ன பிள்ளை அடுத்த நாளும் தைரியமாக வந்து உட்கார முடிவதுதான்.

அரசு எதுவும் செய்யவில்லையா?

செய்திருக்கிறது. பட்டியல் நீளமாகவே இருக்கிறது.

• 2019-ல் சாதி அடையாளக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும் அது அப்படியே அமுங்கியது.

• நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசையில் மாணவர்களை உட்காரவைக்க வேண்டும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்று பல பரிந்துரைகள்.

• 2024 நவம்பரில் ‘மகிழ் முற்றம்’ வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அரசுப் பள்ளி மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் திட்டம்.

• 2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்து எடுத்த முடிவு என்று மீம்ஸ் பறந்தன. கழுத்து வலிக்கும் என்று ஒரு பக்கம், கடைசி பெஞ்சே இருக்காது என்று இன்னொரு பக்கம் விவாதம் நடந்தது.

• அதே மாதம் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஒரு மனநல ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது.

• இவற்றோடு ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி, 14417 உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண்.

ஆக, திட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. என் கேள்வி வேறு. இவை எல்லாமே இரண்டு பேரைப் பார்த்து எழுதப்பட்டவை: துன்புறுத்துபவன், துன்பப்படுபவன். நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் 38 பேரை யார் பார்க்கிறார்கள்?

அந்த 38 பேர் ஏன் முக்கியம்?

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் ‘கிவா’ என்ற ஒரு திட்டத்தை உருவாக்கினார்கள். 2009-லிருந்து அந்நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவலாகக் கொண்டுபோனார்கள். அதன் அடிப்படை எளிமையானது. ஒருவன் இன்னொருவனைக் கேலி செய்வது பெரும்பாலும் அவனுக்காக இல்லை, பார்க்கிறவர்களுக்காக. சிரிப்பு கிடைத்தால் தொடரும். சிரிப்பு நின்றால், பாதிக்கப்பட்டவன் பக்கத்தில் ஒருவர் போய் உட்கார்ந்தால், கேலி செய்பவனுக்குக் கிடைத்த மரியாதை குறையும். அதனால் வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடு என்பதுதான் திட்டம்.

இது நமக்குப் புரியாத விஷயமா? ரீல்ஸுக்கு லைக் போடுவது மாதிரிதான். திருத்தணி சம்பவத்தில் கையில் அரிவாள் இருந்தது, இன்னொரு கையில் போன் இருந்தது. பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் அந்தப் போனைத் தூக்கவைத்தது. என் வகுப்பில் கடைசி பெஞ்ச் குரலுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன்.

“டீச்சர் மேலயே எல்லாத்தையும் போட்டா எப்படி?”

நியாயமான கேள்வி. ஆசிரியர்களிடம் பேசினால் சொல்வார்கள்: எமிஸ் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு, தேர்ச்சி விகிதம், இதற்கு நடுவில் பாடம். “கண்டிச்சா பெற்றோர் சண்டைக்கு வர்றாங்க, கண்டிக்கலைன்னா ஏன் கண்டிக்கலைன்னு கேக்குறீங்க” என்ற அலுப்பில் உண்மை இருக்கிறது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை வெட்டியபோது, தடுக்கப் போன ஆசிரியையும் காயம்பட்டார்.

ஆனால் கண்டிப்பு வேறு, அடி வேறு, அவமானப்படுத்துவது வேறு. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். ‘மாடு மேய்க்கப் போ’ என்று ஆசிரியரே ஒரு பையனைச் சொல்லிவிட்டால், அன்று மாலை மற்ற மாணவர்களுக்கு அவனைக் கேலி செய்ய லைசென்ஸ் கிடைத்த மாதிரி. அன்பான பள்ளி என்றால் ஒழுங்கில்லாத பள்ளி என்று அர்த்தம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே விதி, யாருக்கும் அவமானம் இல்லை, அவ்வளவுதான்.

ஆலோசகர் வேலையை ஆசிரியரே பார்க்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அது அரசு செய்ய வேண்டிய செலவு. ஒவ்வொரு பள்ளிக்கும் உடனே ஆள் போட முடியாவிட்டால், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளாவது ஒரே ஆலோசகர் வர வேண்டும். மாதம் ஒரு புது முகம் வந்து பவர்பாயிண்ட் காட்டிவிட்டுப் போனால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

சரி, என்ன பண்ணலாம்?

பெரிய பட்ஜெட் இல்லாமல் வரும் ஜூனிலேயே தொடங்கக்கூடிய ஐந்து விஷயங்கள்:

1. இடத்தை மாற்றுங்கள். ‘ப’ வடிவமோ வரிசையோ, மாதம் ஒருமுறை உட்காரும் இடம் மாறட்டும். ஒரே ஊர், ஒரே தெருப் பசங்க ஒரே பெஞ்சில் மூன்று வருடம் இருந்தால் அது கோட்டையாகிவிடும்.

2. ஒரு பெரியவர் கணக்கு. ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து மாணவர் பட்டியலைப் பாருங்கள். ‘இந்தப் பையன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஒருவர்கூட இல்லாத பெயர்கள் எவை? அந்தப் பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

3. பெட்டியைத் திறங்கள். ‘மாணவர் மனசு’ பெட்டி எந்த நாளில் திறக்கப்படும், யார் படிப்பார்கள் என்று அறிவியுங்கள். சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது. சொன்ன பிறகு அந்தப் பிள்ளையை இரண்டு வாரமாவது தினமும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

4. மகிழ் முற்றத்தை விளையாட்டு நாளோடு நிறுத்தாதீர்கள். குழுவில் மூத்த மாணவர் ஒருவருக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் பொறுப்பு. யாராவது தனியாகச் சாப்பிட்டால் பக்கத்தில் போய் உட்காருவது குழுவின் வேலை.

5. ரயிலைப் பற்றிப் பேசுங்கள். ப்ளஸ் டூ முடித்துச் சென்னைக்குப் போகப்போகும் மாணவர்களிடம் ‘ரூட்டு’ என்றால் என்ன, வழக்கு விழுந்தால் வேலை, பாஸ்போர்ட் என்ன ஆகும், எப்படி ஒதுங்குவது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் போலீஸ் மட்டும் இல்லை. அதே ரயிலில் போய்ப் படித்து வேலைக்குப் போன சீனியர் அண்ணன், அக்கா சொன்னால் காது கொடுப்பார்கள்.

நமக்கு என்ன வேலை?

இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலர் இதே தடத்தில் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நாம் பொதுவாகப் பழைய பள்ளிக்கு என்ன செய்வோம்? ஃபேன் வாங்கித் தருவோம், பெயிண்ட் அடிப்போம், குரூப் போட்டோ எடுப்போம். நல்லதுதான். அதோடு வருடத்தில் இரண்டு சனிக்கிழமை போய் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச முடிந்தால், பெயிண்டை விட அது அதிக நாள் நிற்கும்.

என் வகுப்பில் அன்று பெரிய வீரம் எதுவும் தேவைப்படவில்லை. கடைசி பெஞ்சை எதிர்த்து யாரும் சண்டை போட்டிருக்க வேண்டாம். நாலு பேர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். மதியம் ஒருத்தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அவன் ப்ளஸ் டூவை எங்களோடு முடித்திருப்பான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவன் போன பிறகு ஒருத்தராவது ‘ஏன்?’ என்று கேட்டிருப்போம்.