விற்றால் கூலி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் வற்றல் வகைகளும் வீட்டிலேயே தயாரித்து இணையத்தின் வழியாக விற்றுவரும் ஒரு பெண்மணி, தொழில் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சமூக வலைத்தளத்துக்கு விளம்பரக் கட்டணமாக 9,000 ரூபாயைச் செலுத்திவிட்டு, பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கிலும் வாங்கியவர்கள் ஏழே பேருமாக அது முடிந்த விதத்தை என்னிடம் சொல்லி வருந்தினார். ஒருவரை வாங்க வைக்க ஏறக்குறைய 1,285 ரூபாய்; புட்டியின் விலையோ 400. "பார்த்ததற்கெல்லாம் காசு வாங்கிக்கொள்கிறார்கள் சார், விற்றால் கொடு என்று சொல்பவர் யாருமே இல்லையா?" என்றார்.

விற்றால் மட்டுமே கூலி என்பது நம்மிடையே வெகுகாலமாக வழங்கிவரும் தர்மந்தான். துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசிய தரகரும், கோயம்பேட்டுக் கமிஷன் மண்டிக்காரரும், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வீடேறி வரும் எல்.ஐ.சி. முகவரும் அந்த தர்மத்தைக் கொண்டே குடும்பம் நடத்தியவர்கள். அமெரிக்காவில் இசைத்தட்டு விற்ற சிடிநௌ என்னும் ஸ்தாபனம் 1994-லும், கடை திறந்து ஓராண்டே ஆகியிருந்த அமேசான் 1996 ஜூலையிலும், அதையே இணையத்துக்கு ஏற்றபடி மாற்றியமைத்து, இன்று 'அஃபிலியேட்' என்று வழங்கும் முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. யாரோ ஒருவர் தம் பக்கத்தில் ஒரு சரக்கைச் சிலாகித்து எழுதி, அங்கே ஒரு சுட்டியையும் வைக்கிறார். அதைத் தொட்டு வருபவரின் கணினியில் 'குக்கி' என்ற சிறு அடையாளம் பதிந்துகொள்கிறது. குறித்த காலத்துக்குள், அதாவது அமேசானில் 24 மணி நேரத்துக்குள், அவர் பொருளை வாங்கினால் சுட்டி வைத்தவருக்குப் பங்கு போய்ச் சேருகிறது. சிறு வியாபாரிக்கு இத்தனை யந்திரமும் வேண்டியதில்லை. பரிந்துரைக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கூப்பன் கோடு ஒன்றும், கணக்கெழுத நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருந்தால் போதும்.

பெண்மணியும் அப்படியே செய்தார். சமையல் வீடியோ போடுகிறவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை என்று பதினொரு பேரைப் பிடித்து, விற்பனையில் பத்து சதவீதம் அவர்களுக்கு, கோடு போட்டு வாங்குகிறவருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று ஏற்பாடு. கைமுதல் போடாமல் கிடைக்கும் விளம்பரம் என்று இதைப் புகழ்கிறவர்கள் சாதாரணமாகச் சொல்லாமல் விடும் கணக்கை, அவருடைய நோட்டிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோப் பருப்புப் பொடிக்குப் பருப்பு, மிளகாய், அரைவைக் கூலி, புட்டி, லேபிள் எல்லாம் சேர்ந்து 230 ரூபாய், கூரியருக்கு 60, இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு இரண்டு சதவீதமாக 8, மிஞ்சுவது 102. அதில் கமிஷன் 40, தள்ளுபடி 40 போனால் நிற்பது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ ரூபாய். அடுப்படியில் அவர் நின்ற நேரத்துக்கு அதில் கூலி கிடையாது. புதிதாக ஒரு வாடிக்கைக்காரர் கிடைப்பாரென்றால் இதுவும் நல்ல பேரம்தான் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் கிடைத்தவர் புதியவர்தானா என்பதில்தான் விவகாரம் எழுகிறது. மூன்றாவது மாதத்தில், ஒரு சமையல் வீடியோக்காரரின் கோடு எப்படியோ கூப்பன்களைத் திரட்டிப் போடும் தளம் ஒன்றில் ஏறிவிட, தாமாகவே மாதந்தோறும் வாங்கிவந்த பழைய வாடிக்கைக்காரர்களும் பணம் கட்டும் தறுவாயில் அதைத் தேடி எடுத்துப் போட்டு வாங்கலானார்கள். வாசல்வரை வந்துவிட்ட விருந்தாளியை உள்ளே அழைத்ததற்காக வழியில் நின்றவனுக்குச் சன்மானம் கொடுத்ததுபோல, எவரும் பரிந்துரைக்காத விற்பனைக்கெல்லாம் கமிஷன் போயிற்று. பெரிய இடங்களில் இது தெரிந்தே செய்யும் மோசடியாகவும் வளர்ந்ததுண்டு. வருகிறவர்களின் கணினியில் அவர்கள் அறியாமலே குக்கியைத் திணித்து ஈபே நிறுவனத்திடமிருந்து பெருந்தொகைகளைக் கமிஷனாகப் பெற்ற இருவருக்கு, அமெரிக்க நீதிமன்றம் 2014-ல் சிறைத் தண்டனை விதித்தது.

முதலாளிகளும் யோக்கியர்கள் என்று சொல்லிவிட முடியாது. கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 2020 ஏப்ரலில், அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான கமிஷனை எட்டு சதவீதத்திலிருந்து மூன்றாகவும், மளிகைக்கு ஐந்திலிருந்து ஒன்றாகவும் குறைத்தது. அதை நம்பி எழுதிவந்தவர்கள் என்ன செய்ய முடியும்? அவர்கள் வைத்த சுட்டிகள் அப்படியேதான் இருந்தன, கூலிதான் கரைந்தது. வாங்குகிறவருக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. பரிந்துரைக்கிறவர் தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் நெறிமுறை வகுத்திருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுமுறை 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. பதினொரு பேரில் 'இதில் எனக்குக் கமிஷன் உண்டு' என்று எழுதிவிட்டுப் பொடியைப் பற்றிச் சொன்னவர் அந்த ஆசிரியை ஒருவர்தாம்.

இப்போது நோட்டில் நான்கு பெயர்களே இருக்கின்றன. கோடுகள் மாதந்தோறும் மாறுகின்றன. திருப்பி அனுப்பும் கெடு கழிந்த பிறகே கமிஷன் கணக்கில் ஏறுகிறது. இவையெல்லாம் புத்திசாலித்தனமான காரியங்கள். கமிஷன் முதல் தடவை வாங்குவதற்கு மட்டுமே என்று அவர் புதிதாக வைத்திருக்கும் நிபந்தனையில்தான் எனக்கு ஆக்ஷேபம். எல்.ஐ.சி. முகவருக்குப் பாலிசி புதுப்பிக்கப்படும் ஆண்டுகளிலும் சிறு பங்கு வருவதால்தான் அவர் பாலிசிதாரரின் வீட்டை மறப்பதில்லை. ஆசிரியை சொல்லி வந்த குடும்பங்கள் மாதாமாதம் பொடி வாங்குகின்றன. அவர்களில் எவருக்கேனும் பொடியில் குறை தென்பட்டால் முதலில் போன் போவதும் ஆசிரியைக்குத்தான். தொடர்ந்து வாங்குவதற்கு இரண்டு சதவீதமாவது கொடுங்கள் என்றேன். புட்டிக்கு எட்டு ரூபாயா என்று யோசிக்கிறார். பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு புட்டிக்கும் அதே எட்டு ரூபாயைத்தான் அவர் மறுபேச்சின்றிக் கொடுத்துவருகிறார்.