அதிதி வரட்டும், நகல் தங்கட்டும்

அயல்நாட்டு மொழி நூல் வல்லுநர்களை நம் கல்விச் சாலைகளுக்கு வரவழைப்பது பற்றி நம்மவரிடையே இரு கட்சிகள் உண்டு. ஐரோப்பியர் வந்து உரைத்தாலன்றி நம் பாஷையின் பெருமை நமக்கே விளங்காது என்பர் சிலர். நம் தமிழை அந்நியரா நமக்குக் கற்பிப்பது என்று சீறுவர் வேறு சிலர். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. அதிதி அவசியம் வரட்டும்; ஆனால் அவர் அருகில் நம் மாணாக்கன் ஒருவன் அமர்ந்து தொழிலைக் கற்க வேண்டும்; அவர் சேகரித்துச் செல்வதன் நகல் இங்கே தங்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத உபசாரத்தால் ஊருக்கு யாதொரு லாபமுமில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

காரைக்கால் பிரதேசத்தாருக்கு இது புதிய விஷயமன்று. கோட்டுச்சேரிக்கு வடக்கே சிறு தூரத்திலுள்ள தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஸீகன்பால்கு ஐயர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியிலுள்ள ஹால்லே நகரில் அச்சேறியது. நூலாசிரியரை உலகம் அறியும். அவருக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த உபாத்தியாயரை அறிந்தவர் எத்தனை பேர்? பின்னர், இளமையைக் காரைக்காலில் கழித்த சூலியன் வின்சோன் துரை (1843–1926) பாரிஸில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார், உ. வே. சாமிநாதையருடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார். 1903-ல் பிரெஞ்சு மொழியில் தமிழ் கற்கும் நூலொன்றை வெளியிட்டார். காரைக்கால் ஊட்டிய தமிழுக்குப் பாரிஸில் ஆசனம் கிடைத்தது. காரைக்காலில் கிடைத்தது என்ன?

1955-ல் ஜான் பிலியோஸா தலைமையில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் தோன்றிய பிறகு நிலைமை ஓரளவு மாறியது. அடுத்த ஆண்டே காரைக்காலம்மையார் பாடல்களைக் காரவேலர் பிரெஞ்சில் பெயர்த்த நூல் அங்கிருந்து வெளிவந்தது. பிற்காலத்தில் பண்டித தி. வே. கோபாலையர் (1926–2007) அந்நகரில் அமர்ந்து பாடம் சொன்ன சிறப்பை நாம் எவ்வளவு கூறினும் தகும். தொல்காப்பியச் சேனாவரையர் உரையை 1996-ல் பிரெஞ்சில் தந்த ழான் லுக் செவியார், 2008-ல் நற்றிணையைச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த ஏவா வில்டன் ஆகியோர் அவரிடம் பாடங்கேட்டவர்கள். குரு நம்மவர், சிஷ்யர்கள் அயல்நாட்டார். சுவடிக்குச் சுவடி பாடபேதங்களைக் குறித்துக் காட்டும் அவர்கள் முறையை நம் இளைஞர்களும் உடனிருந்து கற்கலாம். அத்தகைய கூட்டுறவே நாம் வேண்டுவது.

ஏட்டிலுள்ளது இப்படி. பேச்சிலுள்ளதோ இன்னும் அவசரமான காரியம். எமனோ என்னும் மொழி நூலார் 1935 முதல் 1938 வரை நம் நாட்டில் தங்கி, நீலகிரியில் தோதவர், கோத்தர் முதலியோரின் எழுத்தில்லா மொழிகளைக் கேட்டு எழுதினார். அவரும் பரோவும் சேர்ந்து 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்கு அக்குறிப்புகள் பேருதவி புரிந்தன. எழுத்தில்லா மொழிக்கு உரியது ஊர்ப்பேச்சுக்கும் உரியதே. கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு வழங்கும் சொற்களும், பஞ்சாயத்தைக் கொம்யூன் என்றும், பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து மீண்டவரைச் சொல்தா என்றும் வழங்கும் நம் பேச்சும், முதியோர் ஒவ்வொருவராக மறைய மறையக் குறைந்து வருகின்றன. இந்த விஷயத்தில் காலம் காத்திராது.

பரதேசத்தார் இங்கு ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் அதற்கென்றே தனி விஸா பெறவேண்டும். இந்நாட்டுக் கல்வி நிலையம் ஒன்று அவரை ஏற்றுக்கொள்வதும் அவசியம். (சட்டம் படித்தவர்களுக்கு இதில் ஒரு ருசி உண்டு.) ஆகவே பேரம் பேசும் உரிமை அழைப்பவர் கையிலேயே இருக்கிறது. உள்ளூர் மாணவர் ஒருவரை உடன் வைத்துப் பழக்க வேண்டும், ஒலிப்பதிவிலும் குறிப்பிலும் ஒவ்வொரு நகல் காரைக்காலில் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

செலவு என்ன பிரமாதம்? தங்க ஒரு வீடு, மாணவனுக்கு ஒரு சிறு உபகாரச் சம்பளம், பதிவுகளைக் காக்க ஓர் அறை. சம்பா அறுவடை முடிந்த பின் மாசி, பங்குனி மாதங்களில் ஒருவரைக் கோட்டுச்சேரியில் தங்கச் செய்து பார்க்கலாம். புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் காரைக்கால் கல்லூரிகளும் கலந்து பேசி, அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் ஸர்க்காரிடம் இதற்கான மனுவைச் சேர்ப்பிக்குமா?