தீபாவளிப் பந்தியில் கடைசி இலை

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவில்பட்டிச் சீமையில் இரண்டு காரியங்கள் ஏககாலத்தில் நடைபெறும். வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கரிசல் காட்டில் விதைப்பு நடக்கும். தீபாவளியை முன்னிட்டு வீட்டில் பலகாரத்துக்கு மாவு தயாராகும். மழை சில வருஷங்களில் ஏமாற்றிவிடுவதுண்டு. தீபாவளி ஏமாற்றுவதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மகன்மார், மகள்மார், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் கோவில்பட்டி ரயிலடியில் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கிவிடுகிறார்கள். நேற்று வரையில் மூன்று பேர் இருந்த வீட்டில் இன்றைக்கு முப்பது பேர்! இந்த முப்பது பேருக்கும் பண்டிகையன்று மத்தியானம் சிறப்பாக விருந்து நடத்துவது எப்படி என்பதை இந்த வாரம் சற்று யோசிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

'சிறப்பாக' என்று சொன்னோம். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பதில்தான் தகராறு இருக்கிறது. இலையில் எத்தனை கறி விழுந்தது என்று விரல் விட்டு எண்ணி, அதைக் கொண்டு விருந்தின் பெருமையை அளப்பவர்கள் நம்மில் அநேகர். நாமும் ஒரு காலத்தில் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். கட்சி மாறியதற்குக் காரணமான சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், நெருங்கிய சிநேகிதர் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போயிருந்தோம். வீட்டு மூத்த மருமகளைச் சிறியவர்கள் எல்லோரும் 'மதினி' என்றே அழைப்பார்கள்; நாமும் அப்படியே அழைத்தோம். இலையில் பதினொரு வகைக் கறி. மூன்று பந்தி நடந்தது. நாம் முதற் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்து, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு, பதினொன்றில் எது முதல் தரம் என்று சிநேகிதரோடு விவாதித்துக்கொண்டிருந்தோம். மணி மூன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்கலாமென்று உள்ளே போனபோது, அடுப்பங்கரையில் மதினி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். முன்னால் இலை கூட இல்லை, ஒரு தட்டு. தட்டில் ஆறிப்போன சோறும் அடிமண்டி ரசமும் இருந்தன. பதினொரு கறியில் ஒன்றாவது மிஞ்சவில்லை. பாயசப் பாத்திரம் காலியாகிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்ன மதினி, பாயசம் எடுத்துவைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டோம்.

"எனக்கு எதுக்கு? விடியக்காலையிலேயிருந்து வாசனை பிடிச்சே வயிறு நெறைஞ்சிருச்சு" என்று சிரித்தாள் அந்த அம்மாள்.

அந்தச் சிரிப்பு நம்மைப் படுத்திய பாட்டை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. முப்பது பேர் வயிறார உண்ட வீட்டில், சமைத்தவள் ஒருத்தி பசியாறாமல் இருந்தால், அந்த விருந்துக்குச் சிறப்பு என்று பெயரிட நமக்கு வாய் வரவில்லை.

இதற்கு யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த மண்ணின் சரித்திரமே இப்படிப்பட்ட விருந்தைப் பழக்கிவிட்டது. கரிசல் மானாவாரி பூமி. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மிளகாய், மல்லி இவைதாம் இங்கே விளையும். நெல் விளைவது தாமிரபரணிக் கரையில். முன்னாட்களில் கரிசல் கிராமங்களில் அன்றாடச் சாப்பாடு கம்பஞ்சோறும் சோளச்சோறுமே. நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல் போன்ற நல்ல நாட்களில் மட்டும் கண்ணில் படும் பதார்த்தம். 1942-ஆம் வருஷம் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றபோது, வசதியுள்ள வீடுகளுங்கூட அரிசியின் அருமையை அறிந்தன. வருஷம் முழுவதும் இல்லாத ஒன்று ஒரு நாள் கிடைத்தால், அன்றைக்கு இலை கொள்ளாமல் பரிமாறத்தானே மனம் துடிக்கும்? அந்தத் துடிப்பில் பிறந்ததே பதினொரு கறி.

ஆனால் காலம் மாறிவிட்டது. இன்று அரிசிச் சோறு எல்லோர் வீட்டிலும் தினந்தோறும் உண்டு. குதிரைவாலியைத்தான் கடையில் தேடி, அரிசியைவிட அதிக விலை கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. மானாவாரிப் பயிர்களுக்குப் பேர்போன கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே தோன்றியது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. உலகம் கைதட்டி வரவேற்கும் தானியத்தை, விருந்தாளி வருகிறார் என்று நாம் மாத்திரம் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது வேடிக்கை அல்லவா?

ஆகவே, நம்முடைய யோசனை இது: கறிகளைக் குறையுங்கள், மண்ணின் பண்டங்களை இலையில் ஏற்றுங்கள், சமைப்பவர்களையும் பந்தியில் உட்காரவையுங்கள். முதல் இரண்டும் மூன்றாவதற்காகத்தான்.

முதலில் ஜாபிதா. புலால் உண்ணும் இல்லங்களில் தீபாவளிக் காலையிலேயே இட்டிலியும் கறிக்குழம்பும் முடிந்துவிடும். மற்ற இல்லங்களிலும் காலைப் பலகாரத்துக்குக் குறைவில்லை. எனவே மத்தியானத்துக்கு அளவான விருந்தே போதும். நடுநாயகமாக உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தம்பருப்பை மணம் வர வறுத்து, அரிசி, பூண்டு, சிறிது வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்துக் குழைய வேகவைப்பது இது. இதற்குத் துணை எள்ளுத் துவையல். பிறகு ஓர் அவியல். மழை முந்திப் பெய்திருந்தால் அதலைக்காய்ப் பொரியல். இந்தக் காயை வெளியூர் நேயர்கள் அறியமாட்டார்கள். கரிசலில் யாரும் விதைக்காமல், மழை பெய்ததும் தானாகவே கொடியோடி வரும் சின்னஞ்சிறு கசப்புக் காய் அது. பறித்து அதிக நேரம் வைத்திருந்தால் வெடித்துவிடும். ஆகையால் அது பட்டணத்துக்குப் பிரயாணம் செய்வதில்லை. பட்டணத்துப் பிள்ளைகள்தாம் அதைத் தேடி வரவேண்டும். அப்புறம் ரசத்துக்கு வெள்ளைச் சோறு, முடிவில் குதிரைவாலித் தயிர்ச்சோறும் மோர்மிளகாயும், இனிப்புக்குக் கருப்பட்டி போட்ட பாசிப்பருப்புப் பாயசம். அப்பளம் சொல்லாமலே வந்துவிடும்.

அளவு கேட்பீர்கள். பெரியவர்கள் இருபது, குழந்தைகள் பத்து என்று வைத்துக்கொள்வோம். உளுந்தஞ்சோற்றுக்கு அரிசி 2 கிலோ, தொலி உளுந்து 1 கிலோ. ரசச் சோற்றுக்கு அரிசி ஒன்றரைக் கிலோ. குதிரைவாலி 1 கிலோ. பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 1 கிலோ, கருப்பட்டி ஒன்றரைக் கிலோ, பால் எடுக்கத் தேங்காய் ஆறு. அவியலுக்குக் காய்கள் எல்லாம் சேர்ந்து 4 கிலோ. இது முப்பத்தைந்து பேருக்குக் காணும். மேற்படி ஐந்து பேர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்தது நாட்கணக்கு. அதிரச மாவுக்குப் பாகு ஏற்றி நாலைந்து நாட்களுக்கு முன்பே வைத்துவிட வேண்டும். மாவு ஊற ஊறத்தான் அதிரசம் மிருதுவாக வரும். முறுக்கு அதற்கு மறுநாள். சாயங்காலம் கொறிப்பதற்கு வீட்டில் கஷ்டப்பட வேண்டியதே இல்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் உள்ளூரிலேயே இருக்கிறது; சாத்தூர்ச் சேவும் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் இரவே உளுந்தையும் எள்ளையும் வறுத்து வைத்துவிட்டால், பண்டிகையன்று அடுப்பு வேலை பாதியாகக் குறையும். அவியலுக்குக் காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் புருஷர்கள் பொறுப்பு. கங்கா ஸ்நானம் ஆனதும் பட்டாசுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் செய்யக்கூடிய வேலைகள் இவை. பத்திரிகை படித்துக்கொண்டே செய்யமுடியாது என்பது ஒன்றே இவற்றிலுள்ள குறை.

இனிப் பந்தி. மூன்று வேண்டாம், இரண்டே போதும். முதற் பந்தியில் குழந்தைகளும் முதியவர்களும், அவர்களோடு சமைத்தவர்களில் பாதிப் பேரும் உட்காரட்டும். இரண்டாவதில் மற்றவர்கள். முதற் பந்திக்கு வீட்டு ஆண்கள் பரிமாற வேண்டும். பரிமாறத் தெரியாது என்று அவர்கள் சொன்னால் நம்பவேண்டாம். கல்யாண வீடுகளில் வாளி தூக்கிப் பந்தி விசாரிப்பவர்கள் அவர்கள்தானே? இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது ஒன்று நினைவிருந்தால் போதும். இன்னொரு விதி மிகவும் முக்கியமானது. பாயசம் இறக்கியதும், இரண்டாம் பந்திக்கு உரியதை முதலிலேயே ஒரு தூக்குப் பாத்திரத்தில் எடுத்து மூடிவைத்துவிட வேண்டும். கறிகளுக்கும் அப்படியே. மிஞ்சியதைச் சாப்பிடுவது வேறு, பங்கைச் சாப்பிடுவது வேறு.

"தலை தீபாவளி மாப்பிள்ளைக்கு ஐந்தாறு பதார்த்தத்தோடு இலை போட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்லுவார்கள்?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான பயந்தான். ஆனால் மாப்பிள்ளையின் மனத்தில் நிற்பது கறிகளின் தொகை அல்ல. மாமியார் களைத்த முகத்தோடு அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நிற்காமல், எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு சாப்பிட்டாரானால், அதைத்தான் அவர் ஊருக்குப் போயும் சொல்லுவார். பெண் கொடுத்த வீட்டில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று முதல் தீபாவளியிலேயே அவர் கண்டுகொள்வதும் பெண்ணுக்கு நல்லதே.

அந்த ஐந்து பேர் விஷயத்துக்கு வருவோம். பண்டிகையன்று சொல்லாமல் வருகிறவர்கள் உண்டு. பாத்திரம் துலக்க வருகிற அம்மாளும் அவள் குழந்தையும், பஸ் தவறிப்போன தூரத்து உறவினர், அடுத்த தெருவில் தனியாக இருக்கும் கிழவர் இப்படி யாராவது வாசலில் நிற்பார்கள். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் தந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையை நேயர்கள் படித்திருக்கலாம். தன் குழந்தைகளுக்கே போதாத வறுமையில், தீபாவளிக்கு வந்துசேர்ந்த ஓர் அநாதைப் பையனையும் சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற ஒரு தாயைப் பற்றிய கதை அது. அந்தத் தாய் ஆட்களை எண்ணிவிட்டுப் பண்டிகை கொண்டாடவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு பெரிய மனம் வாய்க்குமோ என்னவோ. முன்கூட்டியே ஐந்து பேரைச் சேர்த்து அரிசி அளந்துவிட்டால், மனம் சுருங்குவதற்குச் சந்தர்ப்பம் வராது. அப்படி வருகிறவர்களுக்கும் பந்தியிலேயே இலை போடுங்கள். வாசற்படியில் தட்டு வேண்டாம்.

இதையெல்லாம் எழுத்தில் மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவில்லை. மறு வருஷத் தீபாவளிக்கும் அதே சிநேகிதர் வீட்டுக்குப் போனோம். முன்பே கடிதம் எழுதிச் சிநேகிதரை நம் கட்சியில் சேர்த்திருந்தோம். முதற் பந்தியில், ஆச்சிக்குப் பக்கத்தில், மதினியை வற்புறுத்தி உட்காரவைத்தோம். அவள் இரண்டு தரம் எழுந்து அடுப்பங்கரைக்குப் போகப் பார்த்தாள். ஆச்சிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உக்காரு தாயி. நானும் அம்பது வருஷம் கடைசியிலேதான் தின்னேன். என்னத்தைக் கண்டேன்?" என்றாள் ஆச்சி.

ரசம் ஊற்றும் கைங்கரியம் நம்முடையது. அதில் பாதி இலைக்கு வெளியே போய்விட்டது. மதினி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. இன்னிக்குத்தான் சூடாக் குடிக்கிறேன்" என்றவள், உடனேயே, "கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாப் போச்சே, ஏன் ஒருத்தரும் இத்தனை வருஷமாச் சொல்லலே?" என்று நம்மைக் கேட்டாள்.

நாம் ரசவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டோம்.