எழுத்து மறைந்து எண் தோன்றினால்

சென்ற மாதம் என் இல்லத்தரசி எக்செலில் குடும்பக் கணக்கைத் திறந்தபோது, நெடுவரிசைகளின் தலையில் ஏ, பி, சி மறைந்து 1, 2, 3 நின்றன. சூத்திரங்களோ ஆர், சி என்று புரியா வடிவில்! ஆறு மாதக் கணக்கும் பாழாயிற்றென்று அழித்தெழுத முனைந்துவிட்டார்.

கணக்கு பாழாகவில்லை, கட்டங்களைக் குறிக்கும் முறையே மாறியிருந்தது. 1982இல் வந்த மல்டிப்ளான் காலத்து வழக்கம் இது. அம்முறையில் சேமிக்கப்பட்ட பிறருடைய கோப்பை முதலில் திறந்தால், அடுத்துத் திறக்கும் நம் கோப்பும் அவ்வாறே தோன்றும். அன்று நடந்ததும் அதுவே.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ் எனச் சென்று, 'ஆர்1சி1 ரெஃபரன்ஸ் ஸ்டைல்' எதிரிலுள்ள டிக் குறியை நீக்கி, ஓகே அழுத்துங்கள். எழுத்துகள் திரும்பும், சூத்திரங்களும் தாமே பழைய வடிவம் பெறும். பின்னர் கோப்பைச் சேமித்துவிடுங்கள்.