சொல் இல்லையா, தேடல் தவறியதா?

மொழியியல் ஆய்வாளர்கள் பலர் இன்று தரவுகளைக் கையால் எண்ணுவதில்லை. ஷெல்லில் கிரெப், டபிள்யூசி போன்ற கட்டளைகளைத் தட்டி, நொடியில் வரும் எண்ணை ஆய்வேட்டில் எழுதுகிறோம். கட்டளை பிழைச்செய்தி காட்டினால் பதறுகிறோம். காட்டாவிட்டால் விடை சரியென்று நம்பிவிடுகிறோம். என் பார்வையில் இது தலைகீழான பழக்கம். பிழைச்செய்தி நமக்குத் துணை. செய்தியே இல்லாமல் வந்து நிற்கும் தவறான எண்தான் அஞ்சத்தக்கது.

முதலில் பிழைச்செய்தியைப் பார்ப்போம். அதன் தொடக்கத்திலேயே பேசுவது யார் என்பது பெரும்பாலும் இருக்கும். ‘பாஷ்’ என்று தொடங்கினால், நாம் அழைத்த நிரல் ஓடும் முன்பே ஷெல் தடுத்துவிட்டது என்று பொருள். ‘கிரெப்’ என்று தொடங்கினால், நிரல் ஓடியிருக்கிறது. கொடுத்த கோப்பிலோ தேடல் வடிவத்திலோதான் சிக்கல். ‘நகரி பேட்டி 3’ என்று பெயரிட்ட கோப்பை மேற்கோள்குறி இல்லாமல் கொடுத்தால், அப்படியொரு கோப்பு இல்லை என்னும் செய்தி மூன்று முறை வரும். ஷெல்லுக்கு இடைவெளி என்பது சொல்லெல்லை. ஒரே பெயரை அது மூன்றாகப் பிரித்துவிட்டது. மூன்று வரிகளையும் பொறுமையாகப் படிப்பவருக்குக் காரணம் அங்கேயே கிடைக்கும். விண்டோஸில் உருவாக்கிய கோப்புப் பட்டியலை லினக்ஸில் பயன்படுத்தும்போது, கண்முன் இருக்கும் கோப்பே ‘இல்லை’ எனப்படலாம். வரியீற்றில் ஒட்டிக்கொண்ட மறைகுறி ஒன்று பெயரின் பகுதியாகிவிடுவதே காரணம்.

செய்தி வராத தவறுகளுக்கு வருவோம். இன்று நாம் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை 1992இல் வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். கிரெப்பை உருவாக்கியவரும் அதே தாம்சன்தான். இக்குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து; கணினிக்கு 5 குறியெண், 15 பைட்டு. டபிள்யூசி கட்டளை, நாம் கேட்கும் விதத்தைப் பொறுத்து, 15 என்றோ 5 என்றோ விடை தரும்; 3 என்று தராது.

இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்றுண்டு. ‘சொல்’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் நிகரானவை என ஏற்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் கிரெப்புக்கு அவை வெவ்வேறு சொற்கள். தெலுங்கிலும் இத்தகைய நிலை உண்டு. ஆங்கிலச் சொற்களை எழுதுகையில் கூட்டெழுத்து உருவாகாமல் தடுக்க, அகலமற்ற மறைகுறி ஒன்றை இடுவர். அதைச் சிலர் இடுவர், சிலர் இடார்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. நகரியில் ஒருவர் தட்டச்சு செய்த பேட்டியும் குப்பத்தில் மற்றொருவர் தட்டச்சு செய்த பேட்டியும் ஒகரத்தை வெவ்வேறு முறையில் எழுதியிருந்தால், நகரியில் நூறு முறை வரும் வடிவம் குப்பத்தில் ஒருமுறைகூட இல்லை என்று கிரெப் சொல்லும். வரைபடத்தில் ஒரு வட்டார வழக்கின் எல்லை தோன்றிவிடும். மக்கள் நாவில் இல்லாத அந்த எல்லையை வரைந்தது ஒரு விசைப்பலகை! மொழிக் கணக்கை வைத்தே எல்லை வகுக்கப்பட்ட மண் இது. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு பரிந்துரைத்தார். 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. இங்கே ‘இந்தச் சொல் இல்லை’ என்று எழுதுவோர் கூடுதல் கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர்கள்.

கிரெப் இவ்வகையில் நம்மைவிட நேர்மையானது. தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடலிலேயே பிழை நேர்ந்தால் 2 என்று முடிவெண் ஒன்றை விட்டுச்செல்கிறது. ‘இல்லை’ என்பதும் ‘தேட முடியவில்லை’ என்பதும் அதற்கு வெவ்வேறு விடைகள். நாமோ பிழைச்செய்திகளைக் கண்ணில் படாதவாறு திருப்பிவிட்டு, விளைவை டபிள்யூசிக்கு அனுப்பி, இரண்டையும் ஒரே சுழியமாக்கிவிடுகிறோம்.

எனவே திருவேங்கடவன் பல்கலைக்கழகம் முதல் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் வரை, மொழித்துறைகள் அனைத்திற்கும் என் வேண்டுகோள் மூன்று. தரவுகளைத் தேடும் முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்து, நிகரான வடிவங்களை ஒன்றாக்க வேண்டும். பைத்தானில் அதற்குச் சில வரிகள் போதும். சுழியம் வந்த தேடலை, கண்ணால் பார்த்து உறுதிசெய்த ஒரு சொல்லைக் கொண்டு சோதிக்க வேண்டும். பயன்படுத்திய கட்டளைகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே தர வேண்டும். சுவடிப் பதிப்பில் பாடபேதம் காட்டாத பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. கட்டளையைக் காட்டாத எண்ணை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?