பெயர் சொல்லி நிறுத்துதல்

தமிழ் படித்தவனுக்குக் கட்டளை வரியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொல்லடைவு ஆக்கும் பணி கணினியிடம் போய்விட்ட காலத்தில் எங்கள் துறைக்கும் லினக்ஸ் கணினியொன்று வந்து சேர்ந்தது. அதன் நிர்வாகக் கடவுச்சொல், ஏற்க வேறெவரும் முன்வராமையால், என்னிடம் வந்து சேர்ந்தது. அதைக்கொண்டு நான் செய்த பிழையே இதை எழுதக் காரணம்.

ஒரு மாலை, பைத்தான் மொழியில் நான் எழுதிய சிறு நிரல் முடிவற்ற சுழற்சியில் சிக்கிக்கொண்டது. அதன் எண்ணைத் தேடச் சோம்பி, நிர்வாகியின் உரிமையோடு 'கில்ஆல் -9 பைத்தான்3' என்று தட்டினேன். என் நிரல் நின்றது. முந்தைய நாள் காலையிலிருந்து அதே கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் ஒருவரின் சொல்லடைவு நிரலும் நின்றது. நிரலுக்கு அவர் என்ன பெயர் சூட்டியிருந்தாலும், இயங்குதளத்தின் ஏட்டில் பதிவாகியிருந்தது அதை இயக்கிய மென்பொருளின் பெயர்தான். இருவருடையதும் பைத்தான்3.

மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர், பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர் என்று நன்னூலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். மரத்தை வெட்டு என்று ஆணையிட்டுத் தோப்பை இழந்தேன். இயங்கும் செயல் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தனித்தனி எண் தருகிறது; 'கில்' கட்டளை அந்த எண்ணைத்தான் கேட்கிறது. நமக்கோ எண் நினைவில் நிற்பதில்லை, பெயர் நிற்கிறது. அந்த வசதிக்காக வந்தவையே கில்ஆல், 1998இல் சோலாரிஸ் 7 உடன் வந்த பிகில், விண்டோஸின் டாஸ்க்கில் எல்லாம்.

பிகில் இன்னும் தாராளமானது. கொடுத்த எழுத்துகள் பெயரின் ஒரு பகுதியாக வந்தாலே அதற்குப் போதும். தொலைவிலிருந்து இணைந்திருக்கும் நிர்வாகி 'பிகில் எஸ்எஸ்எச்' என்று தட்டினால், எஸ்எஸ்எச்டி என்ற பெயரும் அதில் அடங்கி, அவர் அமர்ந்திருக்கும் கிளையே முறிந்துவிடும். சோலாரிஸின் கில்ஆலோ பெயரையே பார்ப்பதில்லை. கணினியை அணைக்கும் வேளைக்கென்று எல்லாவற்றையும் நிறுத்துவது அது. லினக்ஸ் பழக்கத்தில் அங்கே போய் அதைத் தட்டியவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பெயர் சொல்லி நிறுத்தவே கூடாது என்பதன்று என் கருத்து. ஒரே பெயரில் பத்து இருபது செயல்களாய்ப் பிரிந்து ஓடும் உலாவி உறைந்துபோனால், பெயரால் நிறுத்துவதே தக்கது. பலர் புழங்கும் கணினியில், அப்பெயருக்கு யார் யார் உரியவர் என்று பாராமல் நிறுத்துவதையே தவறென்கிறேன். 'பிகிரெப் -ஏ' என்று தட்டினால் அப்பெயருடையவை எல்லாம், எண்ணோடும் முழுக் கட்டளையோடும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். கில்ஆலுக்கு '-ஐ' சேர்த்தால் ஒவ்வொன்றையும் நிறுத்துமுன் நம்மைக் கேட்கும். '-யு' சேர்த்துப் பயனர் பெயரும் தந்தால் அடுத்தவர் செயலைத் தொடாது. எனக்கு இவை தெரியாதவை அல்ல. அன்று எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

அந்த 9 தான் பெரும்பிழை. கில் என்ற பெயரைக் கேட்டுக் கொலை என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது அனுப்புவது ஒரு சைகை. எண் ஏதும் குறிப்பிடாவிட்டால் போவது 15, அதாவது முடித்துக்கொள் என்ற வேண்டுகோள். அது கிடைத்ததும் கையிலுள்ளதைக் கோப்பில் எழுதிவிட்டு விடைபெறும்படி நிரலை அமைக்கலாம். 9 வந்தாலோ நிரலுக்கு ஒரு சொல் பேசவும் இடமில்லை. 15 வந்தால் அதுவரை சேர்த்த சொற்களைச் சேமிக்குமாறுதான் மாணவர் எழுதியிருந்தார்.

"ஐயா, வெறும் கில்ஆல் கொடுத்திருந்தாலும் பாதியாவது தப்பியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நிரல் மறுபடி ஓடி முடிய இரண்டு இரவுகள் ஆயின. முதல் இரவு நானும் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல்.