பாலைவன நகரில் வலீமா விருந்து

அழைப்பிதழோடு விமானப் பயணச்சீட்டையும் சேர்த்து நீட்டும் வழக்கம் நம் சமுதாயத்தின் வசதி படைத்த சில குடும்பங்களில் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. நிக்காஹ் ஊர்ப் பள்ளிவாசலில் எளிமையாக நடந்துவிடும். கொண்டாட்டம் மட்டும் துபாயில். ஒருநாள் பாலைவனக் கூடாரத்தில் மருதாணி, மறுநாள் கடலோர நட்சத்திர விடுதியில் விருந்து, 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவைப் பின்னணியாக்கிப் படப்பிடிப்பு. "ஹலால் உணவு கிடைக்கும், பாங்கொலி கேட்கும், முஸ்லிம் நாடுதானே" என்று காரணமும் சொல்லப்படுகிறது.

அந்த முஸ்லிம் நாடு ஆடம்பரத் திருமணத்தை எவ்வாறு பார்த்தது? திருமணச் செலவும் மஹர் தொகையும் எல்லை மீறி, இளைஞர்கள் மணமுடிக்க இயலாது தவித்ததைக் கண்டு, ஐக்கிய அரபு அமீரகம் 1992-இல் திருமண நிதியம் ஒன்றை நிறுவியது. குறைந்த வருவாயுள்ள குடிமகன் தன் நாட்டுப் பெண்ணை மணந்தால் 70,000 திர்ஹம் உதவி. பல மணமகன்களுக்கு ஒரே பந்தலில் கூட்டுத் திருமணங்கள். 1997-இல் மஹருக்கு உச்சவரம்பு விதித்துச் சட்டமும் இயற்றியது. (மஹருக்கு வரம்பு கட்டலாமா என்பது தனி விவாதம்.) அவர்கள் தம் மக்களிடமிருந்து அகற்ற முயன்ற நோயை நாம் விமானமேறிச் சென்று விலைக்கு வாங்குகிறோம்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மணமுடித்த செய்தி, அவர் மேனியிலிருந்த மஞ்சள் நிறக் கறையைப் பார்த்த பிறகே நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிந்தது. தம்மை ஏன் அழைக்கவில்லை என்று அண்ணலார் கேட்கவில்லை. மஹர் என்ன கொடுத்தீர் என்று வினவி, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கப் பணித்தார்கள். செல்வரை அழைத்து ஏழையரை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு.

துபாய் விருந்தில் விடுபடுவோர் யார்? கடவுச்சீட்டு எடுத்திராத பெரியம்மா, பள்ளிவாசல் மோதினார், அடுத்த வீட்டில் பீடி சுற்றும் விதவைப் பெண். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கப்பல் வணிகரும் கூலித் தொழிலாளியும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட மரபு நம்முடையது. பெயர் எழுதிய அட்டை வைத்த விடுதி மேசையில் அதற்கு இடமில்லை.

"எங்கள் ஹலாலான சம்பாத்தியம், பிறருக்கென்ன?" என்பர். சம்பாதித்த வழியோடு செலவழித்த வழியும் மறுமையில் விசாரிக்கப்படும். அதற்கு முன் இம்மையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வலீமா மணமகனின் பொறுப்பு. துபாய்ச் செலவில் பாதியைப் பெண்ணின் தகப்பனார் தலையில் கட்டினால், அது கைக்கூலியன்றி வேறென்ன? இன்று செல்வந்தர் விரும்பிச் செய்வதை நாளை நடுத்தர வீட்டுச் சம்பந்தி உரிமையோடு கேட்பார்.

அங்கேதான் நடத்துவோம் என உறுதியாக இருப்போரிடம் ஒன்று கேட்கிறோம். அந்த விடுதியிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் சோனாப்பூர் தொழிலாளர் முகாம்கள் இருக்கின்றன. தங்கையின் திருமணக் கடனை அடைக்க அடுக்குக் கட்டிலில் உறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே உள்ளனர். வலீமா அன்று அவர்களை அழைத்துவர ஒரு பேருந்தையாவது அனுப்புவீர்களா?